இரண்டாவது தந்தி

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை 5.40க்கு விடுதி வந்து சேர்ந்தோம். பக்கத்து மாநிலத்து மலை. இரண்டு பேருந்து, ஐம்பத்தெட்டு சட்டமன்ற உறுப்பினர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. எனக்கு இல்லை.

நிலைமை இதுதான். கட்சி இரண்டாக உடைந்துவிட்டது. 14ஆம் தேதி, புதன்கிழமை, சபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. முதல்வர் பக்கம் நாங்கள் நூற்றுப் பதினேழு பேர், எதிரில் நூற்றுப் பதினாறு. எங்களில் ஐம்பத்தெட்டு பேர் இங்கே, மிச்சப் பேர் வேறொரு இடத்தில். ஒருவர் குறைந்தால் சமம். சபாநாயகர் ஓட்டில் தப்பிக்கலாம். இருவர் குறைந்தால் ஆட்சி கவிழும். கணக்கு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

"அண்ணாச்சி, இது ரிசார்ட்டா, செயிலா வே?" என்று கேட்டார் என் அறைத்தோழர் பிச்சைக்கனி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படையைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்துவது வழக்கம்தான் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எல்லோருடைய கைபேசிகளையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு எடுத்துப் போனார்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பார்க்கச் சகிக்கவில்லை. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, உறையில் போட்டு, பட்டியல் தயாரித்தேன். அதைப் பார்த்த அமைச்சர் தணிகாசலம், இங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர், "சுபேதார் சார், இனிமே கேட், போன், ஆள் கணக்கு எல்லாம் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

இருபத்தெட்டு வருஷம் ராணுவம், அப்புறம் வங்கியில் பாதுகாப்பு அதிகாரி, இப்போது மூன்று வருஷமாக எம்.எல்.ஏ. வேட்பாளர் தேர்வில் இரண்டு பெரியவர்கள் அடித்துக்கொண்டதால் நடுவில் எனக்குக் கிடைத்த சீட்டு. எண்ணூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தேன். சபையில் கைகலப்பு வந்தால் மட்டும் என்னை முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். இப்போதுதான் முதல் முறையாக எனக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு ரோல்கால் வைத்தேன். வந்தவர்கள் பதினொரு பேர். மற்றவர்களை அறை அறையாகப் போய் எழுப்பினேன். ஒருவர் போர்வைக்குள்ளிருந்தே "உள்ளேன் ஐயா" என்றார். 58. சரி.

முதலில் வந்து நின்றவர் காரைப்பாளையம் தொகுதி பாவாத்தாள் அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒன்றியத் தலைவியாக இருந்து எம்.எல்.ஏ. ஆனவர். வீட்டில் விசைத்தறி. ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்திருக்கிறார். எனக்கும் நாலு கொடுத்தார்.

"எங்கூட்டுக்காரரு தறிக்குடோனுலயே கெடப்பாருங்ண்ணா. தலை, காது, புருவமெல்லாம் பஞ்சு. சோத்துக்கு வந்து உக்காந்தா மொதல்ல தொடச்சு உடோணும். நானில்லாட்டி அப்படியே திம்பாருங்க" என்று சிரித்தார். சென்னியப்பன் என்று பெயராம். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இவரிடம் போனில் பேசாமல் தூங்க மாட்டாராம். எட்டு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

வாசல் காவலுக்கு ஆறு பேர், எல்லோரும் அசாம்காரர்கள். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. இந்தியில் இரண்டு அதட்டுப் போட்டதும் நிமிர்ந்துவிட்டார்கள். அவர்களின் தலைவன் தாஸ் எனக்கு சல்யூட் அடிக்கிறான். இருபது வருஷம் ஆகிறது, ஒருவன் எனக்கு ஒழுங்காக சல்யூட் அடித்து.

ஆகஸ்ட் 7, புதன்

வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு ஒரே வழி, விடுதி அலுவலகத்தின் தரைவழித் தொலைபேசி. வரவேற்பு மேசைப் பெண் ஷைலா விஷயத்தைச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுப்பாள். நான் வந்த நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டு, உரியவரிடம் சேர்ப்பேன். இன்று ஒன்பது சீட்டு. மூன்று பேருடைய மனைவிக்கு ரேஷன் கார்டைக் காணோம். ஒருவருடைய மச்சானுக்கு பார் உரிமம் வேண்டும். பிச்சைக்கனிக்கு மட்டும் அவருடைய நாய் சாப்பிட மாட்டேன் என்கிறது என்று வந்தது. அதற்கு அவர் கண் கலங்கினார்.

அமைச்சர் எச்சரித்தார். போன வாரம் சென்னையில் இருந்தபோது ஒருவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனார். இன்னொருவர் மகனுக்கு விபத்து என்று போனார். மறுநாள் இரண்டு பேரும் எதிரணிக் கூட்டத்தில் மாலையோடு நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். "சீட்டு வந்தா நல்லா சலிச்சுப் பாருங்க சார்" என்றார்.

எனக்கா சொல்ல வேண்டும்? நான் கம்பெனி ஹவில்தார் மேஜராக இருந்த காலத்தில் விடுப்புக்கு எல்லோரும் வைத்திருந்த ஒரே சாவி தந்திதான். "தாய் கவலைக்கிடம், உடனே வரவும்." ஊரிலிருந்து வரும்போதே அண்ணனிடமோ மாமனிடமோ சொல்லி வைத்துவிட்டு வருவார்கள், இந்தத் தேதியில் ஒரு தந்தி அடி என்று. ஆடி மாதம் அம்மன் திருவிழா வந்தால் போதும், வேலூர்ப் பக்கத்துத் தாய்மார்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் கவலைக்கிடமாகிவிடுவார்கள். ஒரு பையனுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு தாய் கவலைக்கிடம்.

அதனால் நான் ஒரு விதி வைத்திருந்தேன். முதல் தந்தி பொய், இரண்டாவது தந்தி மெய். உண்மையிலேயே ஆபத்து என்றால் வீட்டார் ஒரு தந்தியோடு நிற்க மாட்டார்கள், இன்னொன்று அடிப்பார்கள். பொய் சொல்பவன் இரண்டாம் தந்திக்குக் காசு செலவழிக்க மாட்டான். முதல் தந்தி வந்தால் என் நாட்குறிப்பு உறைக்குள் வைத்துவிடுவேன். கம்பெனி முழுக்க இந்த விதி பிரசித்தம். அதிகாரிகள்கூடப் பாராட்டினார்கள்.

ஒரே ஒரு முறைதான் பிசகியது. அது என் தவறு என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 8, வியாழன்

மழை. 58. சட்டைப் பொத்தான் தைத்தேன்.

வாக்கெடுப்பு முடிந்ததும் முன்னாள் ராணுவத்தினர் நலனுக்குத் தனி இலாகா வரப்போகிறதாம், அமைச்சர் காதோடு சொன்னார். எனக்கு ஆசையில்லை. சவரம் செய்யும்போது பதவிப் பிரமாண வாசகத்தை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், மழையில் குரல் கட்டியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாலை 4.10க்கு ஷைலா கொண்டுவந்த சீட்டு: "பாவாத்தாள் எம்.எல்.ஏ. அவர்களுக்கு. கணவருக்கு நெஞ்சு வலி. கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துள்ளோம். உடனே வரவும்."

நேரம் குறித்தேன், கையெழுத்துப் போட்டேன். வாசகத்தைப் பார்த்தேன். "உடனே வரவும்." இந்த இரண்டு வார்த்தையை வாழ்க்கையில் எத்தனை தடவை படித்திருப்பேன்! யார் பேசியது என்று ஷைலாவைக் கேட்டால், "ஒரு ஆம்பளை சாரே, பேரு சரியா கேக்கல, மழைச் சத்தம்" என்கிறாள். பெயர் இல்லை. அதுவும் வாக்கெடுப்புக்கு ஐந்து நாள் முன்பு. அதுவும் ஆடி மாதத்தில்.

அமைச்சரிடம் காட்டினேன். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார். என் விதியைச் சொன்னேன். இரண்டாவது சீட்டு வந்தால் அனுப்பிவிடலாம், ஒருவர் போனாலும் நமக்குத் தாங்கும் என்றேன். "பிரமாதம் சார். உங்க கையில விட்டுட்டேன்" என்று தோளைத் தட்டினார்.

சீட்டு நாட்குறிப்பு உறைக்குள் இருக்கிறது. அந்த ரெக்ஸின் உறை பழசு. வருஷா வருஷம் உள்ளே நாட்குறிப்பு மாறும், உறை மாறாது. அதில் ஏற்கெனவே ஒரு காகிதம் இருக்கிறது.

மாலை ரோல்காலில் பாவாத்தாள் அம்மா எப்போதும்போல் முதலில் வந்து நின்றார். 58.

ஆகஸ்ட் 10, சனி

இரண்டாவது சீட்டு வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல, இன்று யாருக்குமே ஒரு சீட்டும் வரவில்லை. மழையில் ஊரே சோம்பிவிட்டது போலிருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் பாவாத்தாள் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்ண்ணா, எனக்கு ஏதாச்சும் போன் வந்துச்சுங்களா? என்னமோ நெஞ்சுக்குள்ள பெசையற மாதிரியே இருக்குதுங்க."

"இன்னைக்கு ஒண்ணும் வரலைம்மா" என்றேன். பொய்யில்லை. இன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது. விடுதிச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு துணி துவைத்துப் போட்டேன். இரண்டும் காயவில்லை. 58.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலை 9.30க்கு வாசலில் ஒரு ஆள். நாற்பது வயது, நனைந்த வேட்டி, கோயம்புத்தூர்ப் பேச்சு. "எங்கக்காவைப் பாக்கோணும், தங்கராசு வந்திருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். யார் உன் அக்கா என்று நான் கேட்பதற்குள் அமைச்சரின் உதவியாளர் வந்து, "சார், எதிரணி ஆளு. நேத்தே தகவல் வந்துச்சு" என்றார். உத்தரவு தெளிவாக இருந்தது: வெளியாள் யாரையும் விடக் கூடாது. தாஸிடம் சொன்னேன். இரண்டு பேராகக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ச் சாலையில் விட்டார்கள். அடிக்கவில்லை. அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஆளின் காதோர முடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மழையில்கூடப் போகவில்லை. நரையாக இருக்கும்.

மாலை முழுக்க எதையோ மறந்து வைத்துவிட்டது போலவே இருக்கிறது. பெட்டியை இரண்டு தடவை பிரித்து அடுக்கினேன். எல்லாம் இருக்கிறது.

58.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரோல்கால் முடிந்ததும் பாவாத்தாள் அம்மா போகாமல் நின்றார். "ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் பேசிக்கட்டுங்களா? நீங்களே பக்கத்துல நில்லுங்க. அவுரு தூங்கியிருந்தா என்ற தம்பி தங்கராசுகிட்டப் பேசிட்டு வெச்சர்றேன். அவனும் தறியிலதான் இருப்பான்."

தங்கராசு.

அமைச்சரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நேராக வரவேற்பு மேசைக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த அம்மாவுக்கு வேறு அழைப்பு வந்ததா என்று கேட்டேன்.

"எங்ஙனே வரும் சாரே?" என்றாள் ஷைலா. "ஆ லைன் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே கட் பண்ணியாச்சல்லோ. மினிஸ்டர் சார்தான் பண்ணச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. மூன்று நாளாக நான் இரண்டாவது சீட்டுக்காகக் காத்திருந்த தொலைபேசி அதுதான்.

அமைச்சர் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் கோபிக்கவே இல்லை. "நீங்கதானே சார் ஐடியா குடுத்தீங்க? ரெண்டாவது வந்தா அனுப்பணும்னு சொன்னீங்க. வராம பாத்துக்கிட்டேன். புதன்கிழமை முடியட்டும், நானே ஹெலிகாப்டர் வெச்சு அந்தம்மாவ அனுப்புறேன்." அப்புறம் இறகுப் பந்தைப் பொறுக்கிக்கொண்டே, "இலாகா விஷயம் ஃபைனல் ஆயிடுச்சு" என்றார்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயில் அதுதான் வந்தது. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

இப்போது மணி பிற்பகல் மூன்று. எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

1993 ஆகஸ்ட் 3. ராஜஸ்தான். சிப்பாய் பலராமனுக்குத் தந்தி வந்தது. எங்கள் தொகுதியிலேயே மேல்பட்டறை கிராமத்துக்காரன். தாய் கவலைக்கிடம். அந்த ஆடியில் கம்பெனிக்கு வந்த எட்டாவது தந்தி அது. நான்கு நாளில் பெரிய போர் ஒத்திகை, கம்பெனியில் ஆள் குறையக் கூடாது. உறைக்குள் வைத்தேன். ஏழாம் தேதி இரண்டாவது தந்தி வந்தது. விதிப்படி அது மெய்தான். தாய் இறந்துவிட்டாள்.

அதை மட்டும்தான் அவனிடம் கொடுத்தேன். "இதுக்கு முன்னால எதுவும் வரலியா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். ரேஷன் லாரியில் ஏற்றி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ரயிலடிக்குத் தனியாக அனுப்பினேன். எனக்கு ரோல்கால் இருந்தது. ஊரில் அவன் அண்ணன், முதல் தந்தி அடித்த ரசீதைக் காட்டியிருக்கிறான். திரும்பி வந்தவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை "சரி சார்", "ஆச்சு சார்" தவிர வேறு வார்த்தை பேசவில்லை. தேர்தலில் ஓட்டுக் கேட்டு அவன் வீட்டு வாசலில் கும்பிட்டு நின்றேன். எழுந்து உள்ளே போனான்.

அந்த முதல் தந்திதான் உறைக்குள் இருக்கும் இன்னொரு காகிதம். ஏன் தூக்கிப் போடவில்லை என்று என் மனைவி வேதவல்லி ஒரு தடவை கேட்டாள். அலுவலகக் காகிதம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவன் நரைத்தவன் இல்லை. அது பஞ்சு. இரண்டாவது தந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான்தான் ஆள் வைத்துச் சாலையில் கொண்டுபோய் விட்டேன்.

பயமாக இருக்கிறது. சண்டையில்கூட இப்படிப் பயந்ததில்லை. இப்போதே போய்ச் சொல்லலாம். ஆனால் பகலில் அமைச்சரின் ஆட்கள் நாற்பது பேர் முற்றத்தில் இருக்கிறார்கள். விடிகாலையில் பால் ஜீப் வரும். இதை எழுதும்போதே தெரிகிறது, இன்னும் ஒரு நாள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் தேடுகிறேன் என்று.

மாலை ரோல்கால் 58.

ஆகஸ்ட் 13, செவ்வாய். ஆஸ்பத்திரி வராந்தா

காலை ஐந்தரைக்கு அவர் அறைக் கதவைத் தட்டினேன். குளித்துத் திருநீறு பூசித் தயாராக இருந்தார், ரோல்காலுக்கு. சீட்டைக் கொடுத்தேன்.

படித்தார். மடித்தார். மறுபடி பிரித்து, கீழே நான் குறித்திருந்த நேரத்தையும் தேதியையும் விரலால் தொட்டார். "வெள்ளிக்கிழமைங்களா?"

"ஆமாம்மா."

"நாலு நாளாச்சுங்களே."

அவர் கத்தியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அறைச் செருப்போடு, பையில்லாமல், அப்படியே நடக்க ஆரம்பித்தார். என் அலமாரியிலிருந்து அவருடைய கைபேசியை எடுத்து வந்தேன். எண் 41. உயிர் கொடுத்ததும் தவறிய அழைப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எண்ணவில்லை. அவர் தம்பியை அழைத்தார். பேசியது எனக்குக் கேட்கவில்லை, "கண்ணு முழிக்கிறாரா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வாசலில் பால் ஜீப் நின்றது. தாஸ் தயங்கினான். அமைச்சரின் ஆள் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்து, "யாரைக் கேட்டுத் தொறக்குறீங்க?" என்றான். "தாஸ், கேட் கோலோ!" என்று பரேடு மைதானக் குரலில் சொன்னேன். குரல் கட்டவில்லை. ஆறு பேரும் விறைத்து நின்று கதவை விரியத் திறந்தார்கள்.

அதுவரைதான் என் திட்டம். அந்த அம்மாவை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் ரோல்காலுக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் குறைந்தால் ஆட்சிக்குத் தாங்கும். கணக்கு சரியாக இருந்தது.

ஜீப்பின் பின்பக்கம் பால் கேன்களுக்கு நடுவில் அவர் ஏறி உட்கார்ந்தார். கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் கையை மடியில் வைத்திருந்தார். ரேஷன் லாரியில் பலராமன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஜீப் நகர்ந்தது. நான் ஓடிப் போய் ஏறினேன். அறுபத்தேழு வயதில் ஓடுகிற வண்டியில் ஏறியிருக்கிறேன். முழங்கால் தோல் போய்விட்டது.

காவலில் நிற்பவன் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன்.

கீழே டவுனில் ஒரு வாடகைக் கார் பிடித்தோம். கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம். இரண்டு இடத்தில் மண்சரிவு. வழியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தங்கராசு வந்தானுங்களாமா?"

"வந்தாரும்மா. நான்தான் உள்ள விடலை."

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று மணி நேரம் அந்தப் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. தங்கராசு படியில் நின்றிருந்தான். அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தான். "நீங்கதானுங்களே கேட்டுல நின்னது?" என்றான். ஆமாம் என்றேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வரைக்கும் மாமன் பேசிட்டுத்தானுங்க இருந்தாரு. ஒம்போது மணியாச்சா, ஒம்போது மணியாச்சான்னு கேட்டுட்டே இருந்தாரு" என்றான்.

இப்போது செயற்கை மூச்சு. கண் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

சென்னியப்பன் விடிகாலை 5.15க்கு இறந்தார்.

கடைசிவரை கண் திறக்கவில்லை. பாவாத்தாள் அம்மா முந்தானையால் அவருடைய புருவத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாராம். நர்சு சொன்னாள். அங்கே பஞ்சு ஒன்றும் இல்லை, ஆஸ்பத்திரியில் என்றைக்கோ சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள் என்றாள்.

பதினொரு மணிக்கு எதிர்த்த டீக்கடைத் தொலைக்காட்சியில் வாக்கெடுப்பு. ஆதரவு நூற்றுப் பதினைந்து, எதிர்ப்பு நூற்றுப் பதினாறு. வராதவர் இருவர். கடையில் இருந்தவர்கள் யார் அந்த இரண்டு பேர், எத்தனை கோடி வாங்கினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். திரையில் என் படம் வந்தது, ராணுவத் தொப்பியோடு, தேர்தல் சுவரொட்டியில் போட்டது. கடைக்காரர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். டீக்குக் காசு வாங்கவில்லை. மரியாதையா, அருவருப்பா, தெரியவில்லை.

கடைக்காரரின் போனை வாங்கி வேதவல்லியிடம் பேசினேன். எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "துரோகின்னு எழுதி வீட்டு வாசல்ல செருப்பு மாலை போட்டுட்டுப் போயிருக்காங்க. எடுத்துக் குப்பையில போட்டுட்டேன். நீங்க சாப்புட்டீங்களா?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கொறடா உத்தரவை மீறியதற்குப் பதவி போகும். போகட்டும்.

ரோல்கால் எடுக்க யாருமில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நேற்று மாலையே காரைப்பாளையத்தில் எல்லாம் முடிந்தது. நான் மயானம்வரை போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஊரில் எந்தத் தறியும் ஓடவில்லை.

இன்று காலை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பப் பார்த்தேன். பாவாத்தாள் அம்மா கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்தச் சீட்டு. மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது.

"இதுல உங்க கையெழுத்து இருக்குதுங்களே. நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் திரும்பி, வந்தவர்களுக்குக் காபி ஆயிற்றா என்று கேட்டார்.

ஐந்து பேருந்து மாறி வீடு வந்தேன். வழியில் பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றியிருந்தார்கள். வருஷா வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்தான் ஏற்றுவேன். இந்த வருஷம் தலைமை ஆசிரியர் ஏற்றினாராம். முடிச்சு சரியாக அவிழாமல் கொடி பாதியில் சிக்கிக்கொண்டதாம். வேதவல்லி சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னைத் தேற்றுவதற்காக இருக்கும்.

உறைக்குள் இப்போது இரண்டு காகிதம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஆடி கடைசி நாள். காலை ஏழு மணிக்கு மேல்பட்டறை போனேன். காரும் இல்லை, கட்சிக்காரர்களும் இல்லை. டவுன் பஸ். பலராமன் வீட்டு வாசலில் அவன் செருப்பு இருந்தது. கயிற்றுக் கட்டிலில் படித்துப் பாதியில் போட்ட நாளிதழ். முதல் பக்கத்தில் என் படம்.

அவன் மனைவி வெளியே வந்தார். "இன்னாங்க, மறுபடியும் எலெக்‌ஷனா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். தந்தியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷத்தில் பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தது. வந்த நேரம் 11.20, தேதி 3-8-93, கீழே என் கையெழுத்து. "பலராமனுக்கு வந்தது. என்கிட்டயே இருந்துச்சு. வரலைன்னு பொய் சொன்னேன். கொடுக்கணும்" என்றேன். இந்த நாலு வாக்கியத்தைப் பேருந்தில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படியும் குரல் கட்டிக்கொண்டது.

அவர் உள்ளே போனார். மிக்சி ஓடியது, நின்றது. வாசலில் வெயில் ஏறியது. அட்டென்ஷனில்தான் நின்றுகொண்டிருந்தேன் என்பதை முழங்கால் வலித்த பிறகே கவனித்தேன்.

பிறகு உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. மனைவியிடம் பேசினான். முப்பத்தொரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து நான் கேட்கும் முதல் முழு வாக்கியம்.

"மொத தபா வந்துகீறாரு. ரெண்டாந் தபா வரட்டும், அப்பால நம்பலாம்."

காலை 7.50க்கு அங்கிருந்து கிளம்பினேன். நாளைக்கும் அதே பஸ் இருக்கிறதா என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன். இருக்கிறதாம்.